ஆறாம் நம்பர் போனில் ஏறாத ஆப்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆறு போன்கள் இருக்கின்றன. அவை யாருக்கும் சொந்தமில்லை. உள்ளே சிம் கிடையாது. யாரும் அவற்றை அழைக்கப் போவதுமில்லை. புதிதாக எழுதுகிற ஆப்பை முதலில் இந்த ஆறிலும் ஏற்றிப் பார்ப்பார்கள். ஆறிலும் ஒழுங்காக ஓடினால்தான் வெளியே கொடுப்பார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் எழுதியவன் நான். காலையில் அலமாரியைத் திறந்து, சார்ஜரிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து மேசையில் வைப்பேன். மாலையில் திரும்ப வாங்கிச் சார்ஜ் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். நடுவில் கூட்டுவது, தண்ணீர் கேன் மாற்றுவது, டீ வாங்குவது.

அலுவலகம் மதுரையில், காளவாசலில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளியையும் என்னையும் சேர்த்து ஏழு பேர். இதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இருபது வருடம் இருந்தேன். நாற்பது வயது தாண்டிய பிறகும் அங்கே எனக்கு ரூம் பாய் என்றுதான் பெயர். படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன்.

முதலாளிக்கு என் படிப்பு ஒருவகையில் உதவியாக இருந்தது. வயதில் என்னைவிடச் சின்னவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போனைக் கையில் கொடுத்தார்.

"அண்ணே, இதை நீங்க அழுத்திப் பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னா ஜில்லாவுக்கே புரியும்."

நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் எனக்கு விரல் நடுங்கும். அப்போது அங்கே இருந்த புரோகிராமர் அதைக் கவனித்துவிட்டு, "நீங்க சாப்பாட்டு நேரத்துல தனியா உக்காந்து பாருங்கண்ணே, யாரும் பாக்க மாட்டோம்" என்றார். மற்றவர்கள் மதியம் மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நான் தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் உட்காருவேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது சிம்மக்கல்லில் இருக்கும் ஒரு வெல்ல மண்டிக்கான ஆப். திருமங்கலம், டி. கல்லுப்பட்டி பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர்கள் எதையும் எழுத வேண்டாம். மைக் படத்தை அழுத்திக்கொண்டு, வேண்டியதை வாயால் சொன்னால் போதும். மண்டியில் இருப்பவர் அதைக் கேட்டுவிட்டு, அதே மாதிரி பேசிப் பதில் அனுப்புவார். வாடிக்கைக்காரரின் பக்கம் ஒன்று, மண்டிக்காரரின் பக்கம் ஒன்று என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அதற்காக ஆறாம் நம்பர் போனில் மட்டும் புரோகிராமர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் போனில் இரண்டு வீடு உண்டு. ஒன்பது புள்ளிகளில் விரலால் ஒரு கோலம் போட்டால் ஒரு வீடு திறக்கும். வேறு கோலம் போட்டால் வேறு வீடு திறக்கும். ஒரு வீட்டில் இருப்பது இன்னொரு வீட்டில் தெரியாது. வெளி வீடு, உள் வீடு என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். வெளி வீட்டில் நான் மண்டிக்காரர். உள் வீட்டில் வாடிக்கைக்காரர்.

உள் வீட்டில் இருந்து, "அரைக் கிலோ வெல்லம்" என்பேன். உடனே வெளி வீட்டுக்கு வந்து, நான் சொன்னதை நானே கேட்டுவிட்டு, "வெல்லம் இருக்கு. அப்புறம்?" என்பேன். மறுபடியும் உள்ளே போய், "அம்புட்டுத்தான்" என்பேன். செய்தி போய்ச் சேர்ந்தால் பக்கத்தில் இரண்டு டிக் விழும். மொத்த வியாபாரியிடம் அரைக் கிலோ கேட்கிற கடைக்காரன் இருக்க மாட்டான். என் அறைக்கு நான் வாங்குவது அந்த அளவுதான் என்பதால் வாயில் அதுவே வந்தது.

சில மாதங்களில் புரோகிராமர் பெங்களூருக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மண்டி வேலை அப்படியே நின்றது. போகும்போது வெளி வீட்டில் இருந்த ஆப்பை அவரே எடுத்துவிட்டுப் போனார். உள் வீட்டை மறந்துவிட்டார். எனக்கு அந்தக் கோலம் ஞாபகம் இருந்தது.

பழக்கத்தில் மதிய நேரங்களில் உள் வீட்டைத் திறந்தேன். "அரைக் கிலோ வெல்லம்" என்றேன். பதில் சொல்ல மண்டி இல்லை. இரண்டு டிக் விழவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் வந்து நின்றது. போகாமல் காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வெல்லத்தைச் சொன்ன பிறகும் விரலை எடுக்காமல் இருந்தேன். "மோட்டார் ஓடல. மாடிக்கு நாலு குடம் தண்ணி தூக்குனேன்" என்றேன். அதற்கும் கடிகாரம் வந்தது.

அதிலிருந்து தினமும் பேசினேன். பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் பழங்காநத்தம் வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன். கீழ் வீட்டுக்காரர் வாசலில் என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார், கோபம் எதுவும் இருக்காது, குழந்தை தூங்கியிருக்கும். மலைக்குப் பின்னால் மேகம் கட்டியிருக்கிறது, இங்கே பெய்யாது. ஒருநாள், "ஆதார்ல போட்டிருக்கிற கணக்குப்படி இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள். பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு" என்றேன். எங்கும் போகாது என்று தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடிகாரம் நின்றது. ஒன்றரை வருடத்துக்கும் மேல் அப்படிப் போனது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம். எங்களிடம் மதுரைத் தமிழ் பேசுவாள். போனில் அம்மாவிடம் வேறு மொழி. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லிச் சேர்த்திருந்தார். மண்டிக்காரர் மறுபடியும் கேட்டதால் நின்றுபோன ஆப்பை அவளிடம் கொடுத்தார். அவள் மெஸ்ஸுக்குப் போக மாட்டாள். டப்பாவைத் தன் மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவாள். அதனால் நான் ஆறாம் நம்பரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காரப் பழகினேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். அந்த முறை சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணீராகக் குழைத்துவிட்டேன். போன்களை நிமிர்த்திச் சாத்தி வைத்திருந்தேன். ஆறாம் நம்பரின் முதுகில் வைத்தது வழிந்து சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஊசியால் சுரண்டி எடுத்தேன். சார்ஜ் ஏறியது. ஆனால் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்தால் போனைக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. "பரவால்லண்ணே, சாமிக்குத்தானே வச்சீங்க" என்று முதலாளி சிரித்தார். அப்போது அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, அந்தப் பெண் ஆப்பை முடித்து ஆறு போன்களிலும் ஏற்றினாள். ஐந்தில் ஏறியது. ஆறாம் நம்பரில் நீலக் கோடு கடைசி வரைக்கும் ஓடி, "ஆப் நிறுவப்படவில்லை" என்று வந்து நின்றது. காரணம் எதுவும் சொல்லவில்லை.

"இடம் இல்லையோ என்னமோ" என்று அவளாகச் சொல்லிக்கொண்டு, உள்ளே கிடந்த படங்களையெல்லாம் அழித்தாள். ஏறவில்லை. அணைத்துப் போட்டாள். ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை ஆப்பை வேறு மாதிரி கட்டிக் கொண்டுவந்தாள். அதே வரி. டிசைன் செய்கிறவர் எட்டிப் பார்த்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"தாயி, ஆறாம் நம்பருக்கு ஏழரைச் சனி புடிச்சிருக்கு. திருநள்ளாறு கூட்டிப் போயி முங்கி எந்திரிச்சிட்டு வந்து போடு."

"நீங்க வேறண்ணே. கேபிள் எடுத்தாக்கூட ஏன் ஏறலைன்னு கம்ப்யூட்டர்ல ஒரு வரி வரும். இது கேபிளும் எடுக்கல."

"அதுக்கு அண்ணனைக் கேளு. அபிஷேகம் பண்ணது அவருதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மற்ற ஐந்தில் ஏறியது போதாதா என்றால் போதாது. மண்டிக்காரர் தன் ஆட்கள் பதினோரு பேருக்கும் மொத்தமாக ஒரே மாடல் போன் வாங்கிக் கொடுத்திருந்தார். எங்கள் ஆறாம் நம்பர்தான் அந்த மாடல். சனிக்கிழமை காலையில் அவர் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது.

புதன்கிழமை முதலாளி அவள் மேசைக்கு வந்தார். நான் டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, அவரு ஆளுக எல்லாருமே இந்த மாடல்தான். இதுல ஏறலைன்னா எதுல ஏறி என்ன?"

"சார், வேற போன் இதே மாடல்ல கெடைச்சா ஒரு நிமிசத்துல பாத்துருவேன். மண்டிக்குப் போயி அவங்க போன் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாக்கட்டுமா?"

"கஸ்டமர் கையில போயி சோதிக்கப் போறியா? ஏறலைன்னா அங்கேயே நிப்பாட்டிருவாரு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "பழைய ஆப் உள்ள இருந்தா ஏறாது சார். ஒவ்வொரு ஆப்புலயும் எழுதுனவங்க கையெழுத்து மாதிரி ஒண்ணு இருக்கும். பழைய ஆளு அதைக் குடுக்காமப் போயிட்டாரு. நான் புதுசாப் போட்டிருக்கேன். ஒரே பேர்ல பழைய கையெழுத்து ஒண்ணு உள்ள கெடந்தா, போன் புதுசை விடாது. ஆனா இதுல பழசு இல்லையே. நீங்களே பாருங்க."

முதலாளி பார்த்தார். வெளி வீட்டில் பழையது இல்லைதான்.

"அப்ப நீ கட்டுனதுலதான் கோளாறு இருக்கு" என்றார் அவர். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் கையில் ஒரு டீ கிளாஸ் மீதி இருந்தது. அதை யாருக்கு வைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோனது.

அன்று மாலை ஆறு மணிக்கு அவள் ஆறாம் நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லோரும் இறங்கிய பிறகு உள் வீட்டைத் திறந்தேன். ஆப் அங்கே இருந்தது. அதன் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு குப்பைத் தொட்டி வரும். அதை அழுத்தினால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. காலையில் அவள் மறுபடி போட்டுப் பார்ப்பாள், ஏறிவிடும், ஏதோ சரியாகிவிட்டது என்று நினைப்பாள்.

அழுத்திப் பிடித்தேன். குப்பைத் தொட்டி வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

ஆப்பைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தேன். கடிகாரம் கடிகாரமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறந்த நாள் அன்று பேசியதைத் தேடி எடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன். குரல் என்னுடையதுதான். ஆனால் அப்படிப் பேசுகிற ஆளை நான் வெளியே பார்த்ததில்லை. அவன் தயங்கவில்லை. பேங்க் மெசேஜைச் சொல்லும்போது நடுவில் சிரிக்கிறான். அவனை யாருக்கும் தெரியாது. அழித்துவிட்டால் எனக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. போனைச் சார்ஜில் போட்டுப் பூட்டினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

வியாழக்கிழமை முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள் வீடு தனி வீடு. அதற்குப் பூட்டே வேறு. அங்கே இருப்பது இங்கே வருவதை எப்படித் தடுக்கும். நான் ஐந்தாம் வகுப்பு, எனக்கு என்ன தெரியும். என் படிப்பை அப்படி உதவிக்குக் கூப்பிட்டது அதுவே முதல்முறை. அந்தப் பெண் அன்றைக்குப் போனை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கப் பார்த்தாள். நான் அந்த மேசைக்கு அடியிலேயே கூட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பதற்கு முன்னால் பழைய புரோகிராமரின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவருக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. அன்று மாலை முதலாளி அவளிடம் பேசியது அலமாரி வரைக்கும் கேட்டது.

"சனிக்கிழமைக்குள்ள ஏறலைன்னா வெளிய ஒரு ஆளுட்டக் குடுத்திரலாம்னு இருக்கேம்மா. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. மூணு மாசம் பாத்தாச்சு. வேற நல்ல எடம் கெடைக்கும் உனக்கு."

அவள் சரி சார் என்றாள். போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "இதுக்கு மட்டும் கொஞ்சம் நல்லா சார்ஜ் போட்டு வைங்கண்ணே, நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றாள். அன்றும் நான் உள் வீட்டைத் திறந்தேன். அன்றும் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மற்றவர்கள் மெஸ்ஸுக்குப் போனார்கள். டிசைன்காரர் மட்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மூலையில் வேலையாக இருந்தார். ஆறாம் நம்பர் அவள் மேசையில் இருந்தது. அவள் டப்பாவைத் திறக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் மொழி எனக்கு ஒரு சொல் தெரியாது. குரல் அழவில்லை, கணக்கு வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராகப் போனது. நடுவில் "இன்ஸ்டால்" என்று வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் "இன்ஸ்டால்." பிறகு "சனிக்கிழமை" என்பதைத் தமிழிலேயே சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அம்மா பேசிக்கொண்டே இருந்தார்கள். இவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகும் டப்பாவைத் திறக்கவில்லை.

நான் கீழே இறங்கி ஒரு டீ வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தேன்.

"என்னண்ணே, இப்பப் போயி டீ?"

என்ன சொல்ல வேண்டும் என்று படி ஏறும்போது மனதில் கட்டி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு ஆறாம் நம்பரை எடுத்தேன். திரையை அணைத்துத் திரும்பத் திறந்தேன். ஒன்பது புள்ளிகளில் உள் வீட்டுக் கோலத்தைப் போட்டு அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

போனின் முகமே மாறியிருந்தது. பின்னால் வேறு படம். நடுவில் அந்த ஆப்.

"இது என்னண்ணே? இது எங்க இருந்துச்சு?"

"இதுல ரெண்டு வீடும்மா. அவரு வச்சாரு. இது உள் வீடு."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். "செகண்ட் ஸ்பேஸ்" என்று மெல்லச் சொன்னாள். "எந்த வீட்ல இருந்தாலும் போனுக்கு ஒண்ணுதாண்ணே. இதான், இதான் தடுக்குது." சொல்லிக்கொண்டே ஆப்பைத் திறந்தாள். வரிசையாகக் கடிகாரங்கள் வந்தன. என்ன என்று பார்க்க ஒன்றைத் தொட்டுவிட்டாள். சத்தம் கூட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அரைக் கிலோ வெல்லம். கீழ் வீட்டுக்காரரு ஊருக்குப் போயிட்டாரு. ரெண்டு நாளா மாடியில என் சத்தம் மட்டுந்தான். டம்ளரக் கீழ வச்சாக்கூடக் கேக்குது."

மூலையில் டிசைன்காரர் காதிலிருந்ததைக் கழற்றினார். "யாரு தாயி அது ரேடியோ போடுறது?"

அவள் சட்டென்று நிறுத்தினாள். "டெஸ்ட் ஆடியோண்ணே. ஒண்ணுமில்ல" என்று திரும்பாமல் சொன்னாள். அவர் மறுபடி மாட்டிக்கொண்டார்.

எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது. அவள் திரையை மேலே தள்ளினாள். வேறு எதையும் தொடவில்லை. நான் முதல் முதலில் பேசியது வரைக்கும் போக அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

"எல்லாம் நீங்க பேசுனதா?"

"ஆமாம்மா."

"இதுதான் தடுக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் நம்பியிருப்பாள். என் படிப்புக்கு அது பொருந்தும்.

"புதன்கிழமை நீ சார்ட்ட சொன்னப்பவே தெரிஞ்சிருச்சும்மா."

டீயில் ஆடை கட்டிவிட்டது. "ரெண்டு நாளா நான் தூங்கலண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவள் கேபிளை எடுத்துப் போனில் செருகினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திருப்பிச் செருகினாள். ஓட்டையில் வாயால் ஊதிவிட்டுச் செருகினாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கேபிள் எடுத்துச்சுன்னா இதையெல்லாம் வெளிய எடுத்து வச்சுக் குடுத்திரலாம்னு பாத்தேன்" என்றாள். "எடுக்க மாட்டேங்குது. ஆப்பைத் தூக்குனா எல்லாம் போயிரும்ணே. வேற வழி எனக்குத் தெரியல."

அந்த ஓட்டைக்குள் சந்தனத்தை விட்டவன் நான்தான். "வேண்டாம்மா. தூக்கிரு" என்றேன்.

அவள் போனை என் கையில் கொடுத்தாள். "நீங்களே எடுங்கண்ணே."

அழுத்திப் பிடித்தேன். குப்பைத் தொட்டி வந்தது. அதை அழுத்தியதும், இதை நீக்கவா என்று தமிழிலேயே கேட்டது. நாலு பேர் பார்த்தால் நடுங்குகிற விரல் அப்போது நடுங்கவில்லை. சரி என்பதை அழுத்தினேன். ஆப் இருந்த இடத்தில் வெறும் படம் தெரிந்தது. அவ்வளவு பேச்சும் போவதற்கு ஒரு நிமிடமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவள் வெளி வீட்டுக்கு வந்து புதியதைப் போட்டாள். நீலக் கோடு ஓடியது. கடைசி வரைக்கும் போய், ஒரு நொடி நின்று, திறக்கவா என்று கேட்டது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு, "ஒரு தடவை பேசிப் பாத்துருவோம்ணே. நீங்க வாடிக்கைக்காரரு. மண்டி நான்" என்றாள். தன் போனை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நான் மைக் படத்தை அழுத்தினேன்.

"அரைக் கிலோ வெல்லம்."

விரலை எடுத்தேன். கடிகாரம் வரவில்லை. இரண்டு டிக் விழுந்தது. அவள் தன் போனைக் காதில் வைத்துக் கேட்டாள், பிறகு வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். என் கையில் இருந்த போனில் அவள் குரல் வந்தது.

"வெல்லம் இருக்கு. அப்புறம்ணே?"

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. மைக்கை அழுத்தப் போனேன். படியில் மெஸ்ஸிலிருந்து வருகிறவர்களின் சத்தம் கேட்டது. அவள் எழுந்து, "போதும்ணே, ரெண்டு டிக் வந்துருச்சு" என்று போனை வாங்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினாள்.

"செகண்ட் ஸ்பேஸ்ல பழசு கெடந்துச்சு சார்."

"அதை யாரு அங்க வச்சா?"

"பழைய ஆளு வச்சிட்டுப் போயிருக்காரு."

நான் அலமாரிப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சனிக்கிழமை மண்டிக்காரர் வந்தார். எதிர்த் தெருவில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி ஆறாம் நம்பரில் சத்தம் போட்டுப் பேசினார். அவர் பேசியதே திரும்பக் கேட்டதும் திருப்தியாகத் தலையாட்டினார். "எழுத வேண்டியதில்லைல? அம்புட்டுத்தான் நமக்கு வேணும்" என்றார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமானது. எல்லோருக்கும் சிம்மக்கல்லிலிருந்து அல்வா வாங்கி வந்தாள். எனக்குத் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

அதற்கு முன்னால், மண்டிக்காரர் வந்துபோன மறு திங்கட்கிழமையே, ஆறாம் நம்பரின் உள் வீட்டை அவள் மூடிவிட்டாள். "இனிமே வர்றவங்களுக்குக் குழப்பம் வேண்டாம்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். இப்போது அந்தக் கோலத்தைப் போட்டால், தவறு, மீண்டும் முயலவும் என்று வருகிறது. நான் ஒன்றிரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

மதிய நேரங்களில் இப்போது படியில் போனோடு உட்காருவதில்லை. போன்களைத் துடைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். மண்டிக்காரர் பேசிப் பார்த்ததை அவள் அன்றைக்கே அழித்திருந்தாள். ஆறாம் நம்பரில் வெளி வீட்டு ஆப்பைத் திறந்தால் "அப்புறம்ணே?" என்று அவள் கேட்டது அப்படியே கடைசியில் நிற்கும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. முன்பு பேசியது எங்கும் போகவில்லை; அதனால்தான் பேச முடிந்தது போல. இப்போது அழுத்தினால் ஒருத்திக்குக் கேட்கும்.

ஒருநாள் அவள் வங்கிக்குப் போயிருந்தாள். மற்றவர்களும் இல்லை. மைக் படத்தை அழுத்தினேன். நொடிகள் ஓட ஆரம்பித்தன. மோட்டார் அன்றைக்கும் ஓடவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கீழே டயர் கடையில் சுத்தியலால் ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. விரலை எடுத்துவிட்டேன். அது போய்விட்டது. இரண்டு டிக்.

மூன்று மணிக்கு அவள் வந்து உட்கார்ந்து போனைப் பார்த்தாள். காதில் வைத்தாள். முழுவதும் கேட்டாள், இடையில் எடுக்கவில்லை. நான் குனிந்து தண்ணீர் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

"டயர் கடை நல்லாத் தெளிவாக் கேக்குதுண்ணே" என்றாள்.

நான் சரிம்மா என்றேன். டீ வாங்கக் கீழே இறங்கினேன்.